முதல் தடவை கர்னல் கம்பைல் பண்ணவங்க அனுபவத்த சொல்லுங்க

வலங்கைமான்காரன்:
என்னோடத சொல்றேன். ஜூன் மாசம், மேட்டூர் தண்ணி எங்க வாய்க்காலுக்கு வந்து அப்பா குறுவைக்கு நாத்து விட்டுட்டிருந்த நேரம். வீட்ல இருந்தது ரெண்டு கோர் பழைய லேப்டாப், 8 ஜிபி ராம், பேட்டரி செத்துப்போச்சு, நெட்டுன்னா போன்லேருந்து யூஎஸ்பி டெதரிங்தான். லினக்ஸ் கர்னல, அதாவது ஹார்டுவேரையும் புரோகிராம்களையும் இணைக்கற சிஸ்டத்தோட மையப் பகுதிய, ஒரு தடவையாவது சோர்ஸ்லேருந்து நம்ம கையால கட்டி (கம்பைல் பண்ணி) பூட் பண்ணிப் பாத்துடணும்னு ரொம்ப நாள் ஆசை.

கர்னல்.ஆர்க் சைட்லேருந்து சோர்ஸ் கோட எறக்கி, கர்னல்ல எதெது சேரணும்னு சொல்ற கான்ஃபிக் ஃபைல பூட் ஃபோல்டர்லேருந்து காப்பி பண்ணேன். அத அப்படியே கம்பைல் பண்ணா ஆயிரக்கணக்குல மாட்யூல் (தேவைப்படறப்ப கர்னல்ல ஏத்திக்கற தனித்தனி துண்டு), நம்ம மெஷினுக்கு விடிஞ்சாலும் முடியாது, அதனால போன் கேபிள கழட்டி வச்சுட்டு, கான்ஃபிக்க குறைக்கற மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கமாண்ட குடுத்தேன், அப்புறம் கம்பைல் ஆரம்பிக்க மேக். முதல்ல சர்டிபிகேட் எர்ரர் வந்துச்சு. என் டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) கான்ஃபிக்ல ஒரு பெம் (சர்டிபிகேட்) ஃபைல் பேரு இருக்கும், அது இந்த சோர்ஸ்ல கெடையாது, கான்ஃபிக்ல அந்தப் பேரு இருக்க ட்ரஸ்டட் கீஸ் இடத்த காலி பண்ணதும் ஓட ஆரம்பிச்சுச்சு.

ராத்திரி பாதில கரண்ட் போயிடுச்சு, மெஷின் அப்படியே ஆஃப். எல்லாம் போச்சுன்னு நெனச்சேன், ஆனா காலையில திரும்ப மேக் குடுத்தா மடைய அடைச்சுட்டு மறுநாள் விட்ட எடத்துலேருந்து தண்ணி பாய்ச்சற மாதிரி மிச்சத்த மட்டும் கம்பைல் பண்ணுது. ஒரே ஒரு ஆப்ஜெக்ட் ஃபைல் (கம்பைல் ஆகி வர்ற துண்டு) மட்டும் கரண்ட் போன நேரத்துல எழுதாமலே 0 பைட்டா நின்னுருக்கு, எல்லாத்தையும் சேத்து லிங்க் பண்றப்ப ஃபைல் ஃபார்மேட் தெரியலன்னு எர்ரர். அந்த ஃபைல மட்டும் அழிச்சுட்டு மறுபடி மேக், முடிஞ்சுது.

மேக் மாட்யூல்ஸ் இன்ஸ்டால், மேக் இன்ஸ்டால், ரீபூட். புது கர்னல் ஸ்க்ரீன்ல வந்தப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, பொய் சொல்லல.

ஆனா போன் கேபிள சொருகினா நெட் வரல. பென்டிரைவும் தெரியல. லோக்கல்மாட்கான்ஃபிக் அந்த நேரத்துல லோடாகியிருக்க மாட்யூல மட்டும்தான் வச்சுக்கும், மத்தத எடுத்துடும், நான்தான் போன் கேபிள கழட்டி வச்சிருந்தேனே. க்ரப்ல (ஆன் பண்றப்ப எந்த கர்னல்னு தேர்ந்தெடுக்கற மெனு) அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போயி பழைய கர்னல்ல ஏறி, போன்ல டெதரிங்க ஆன் பண்ணி, பென்டிரைவ மவுண்ட் பண்ணி, அப்புறம் மறுபடி அதே கமாண்ட். இங்க ஒண்ணு கவனிங்க, குறைச்ச கான்ஃபிக் மேலயே ஓட்டினா எடுத்துட்ட மாட்யூல் திரும்பி வராது, பழைய முழு கான்ஃபிக்க மறுபடி காப்பி பண்ணிட்டுத்தான் ஓட்டணும், சர்டிபிகேட் இடத்தையும் மறுபடி காலி பண்ணணும்.

மன்னார்குடி:
நல்லா சொன்னீங்க தம்பி. பழைய கர்னல் இருந்ததாலதான தப்பிச்சீங்க, அத எக்காரணம் கொண்டும் அழிக்காதீங்க. கான்ஃபிக்ல லோக்கல்வெர்ஷன்னு இருக்கும், வெர்ஷன் நம்பருக்குப் பின்னாடி ஒட்டற பேரு, அதுல உங்க பேரு எதாவது வச்சுக்கங்க, இல்லன்னா அதே வெர்ஷன மறுபடி இன்ஸ்டால் பண்றப்ப முன்னாடி கட்டுன மாட்யூல் ஃபோல்டர் மேலயே எழுதிடும். செக்யூர் பூட் (டிஜிட்டல் கையெழுத்து போட்ட கர்னல மட்டும் ஏத்தற பாதுகாப்பு) ஆன்ல இருந்தா நாம கட்டுனத ஏத்தாது, கையெழுத்து இல்லன்னு நிக்கும், எனக்கு ரெண்டு நாள் அதுலயே போச்சு.

வலங்கைமான்காரன்:
ரொம்ப நன்றிண்ணே, இன்னிக்கே மாத்திட்டேன். ஓடற கர்னல் வெர்ஷன காட்டற யூனேம் -r குடுத்தா இப்ப வெர்ஷன் நம்பருக்குப் பின்னாடி குறுவைன்னு வருது.