மறு: ஷாக் அப்சார்பருக்குத் தமிழ்: 'அதிர்வு தாங்கி' போதுமா?

நண்பர்களே,

பைக் சக்கரத்துக்கு மேலே பள்ளம் மேட்டைச் சமாளிக்கும் ஷாக் அப்சார்பருக்கு 'அதிர்வு தாங்கி' புழக்கத்தில் இருக்கிறதே, அதை ஏன் கலைக்க வேண்டும் என்று முந்தைய மடலில் ஒருவர் கேட்டிருந்தார். போதாது என்பதுதான் என் கட்சி. நம் பைக் பராமரிப்புக் கையேட்டில் பேரிங்குக்கு ஏற்கெனவே 'தாங்கி' போட்டாகிவிட்டது. பின் சக்கரத்துக்குள் ஒரு தாங்கி, ஒரு சாண் தள்ளி இன்னொரு தாங்கி என்றால் படிக்கிறவர் ஸ்பானரை எங்கே வைப்பார்? 'அதிர்ச்சி உறிஞ்சி' பற்றிப் பேச்சே வேண்டாம், கேட்டாலே எனக்கு இழவு வீட்டில் ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிறவர்தான் கண்ணில் வருகிறார்.

அதைவிடப் பெரிய சிக்கல், 'அதிர்வு தாங்கி' என்ற சொல் கடையில் தப்பான சாமானை வாங்க வைக்கிறது. பள்ளத்தில் விழும் அடியை வாங்குவது சுருள்வில். வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும், வில்லின் சுபாவம் அது. அந்தத் துள்ளலை அடக்குவது உள்ளே எண்ணெயில் ஓடும் பிஸ்டன். சின்னத் துளைகள் வழியே எண்ணெயைப் பிதுக்கி அசைவைச் சூடாக்கிக் கரைத்துவிடுகிறது. ஆங்கிலப் பெயரே இந்த இரண்டையும் குழப்பி வைத்த பெயர். பிரிட்டன்காரர்கள் எண்ணெய்க் குழலை 'டேம்பர்' என்கிறார்கள், அது சரி.

பட்டுத்தான் சொல்கிறேன். என் 1994 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் சீட்டை இரண்டு கையாலும் அமுக்கி விட்டால் ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டும், அது மூன்று நாலு தடவை ஆடும். குரோம் கம்பியில் எண்ணெய் கசிந்து, மேலே புழுதி ஒட்டி, கறுப்பு மாவு பிசைந்த மாதிரி. புதுசு வாங்கப் போனேன். "நல்லா கெட்டியா இருக்கும் சார்" என்று கேஸ் டப்பா வைத்த ஒரு ஜோடியைக் காட்டினார்கள், நானும் அமுக்கிப் பார்த்து, அமுங்கவில்லை என்று சந்தோஷமாகக் காசு கொடுத்தேன். கெட்டி வில், துள்ளலை அடக்கும் தணிப்பு பேருக்குத்தான். வேகத்தடையில் பின்பக்கம் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. போதாக்குறைக்குப் பழையதைவிட 20 மி.மீ. நீளம்: சென்டர் ஸ்டாண்டு போட்டாலும் சக்கரம் தரையை விடாது, பின்புறம் உயர்ந்து முன் ஃபோர்க் நிமிர்ந்ததில் ஹேண்டில் லேசாகப் படபடத்தது.

மெக்கானிக் சிரித்தார். "கண்ணுக்குக் கண் அளக்காம யாராவது வாங்குவாங்களா?" போல்ட் நுழையும் மேல் வளையமும் கீழ் வளையமும் அவருக்குக் கண்கள். ஊசிக்குக் கண் இருக்கும்போது இதற்கு இருக்கக் கூடாதா! அந்த அளவுக்குக் 'கண்ணிடை நீளம்' என்று வைக்கலாம், எனக்கு இதில் மறுபேச்சே இல்லை.

பிரீலோடுக்கு, அதாவது சுமை ஏறுமுன்பே வில்லை இறுக்கி வைப்பதற்கு, மடலில் வந்த 'முன்னழுத்தம்' எனக்கு ஒப்பவில்லை, அழுத்தம் என்றால் காற்றழுத்தம்தான் தோன்றும், கேஸ் அடைத்த ஷாக்கில் அதுவும் தனியாக இருக்கிறது. 'முன்னிறுக்கம்' எப்படி? வில்லின் அடியில் உள்ள திருகு வளையத்தைத் திருப்பி வில்லை இறுக்குவதுதானே அது. ஆனால் விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும், இறுக்கினால் வில் கெட்டியாகாது. ஒரு மி.மீ. அமுங்க 2 கிலோ கேட்கும் வில்லை 10 மி.மீ. முன்னிறுக்கினால், முதல் 20 கிலோவுக்கு அசையாது, அப்புறம் அதே 2 கிலோவுக்கு ஒரு மி.மீ.தான். மாறுவது வண்டி நிற்கும் உயரம். நாம் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும் என்பார்களே, அந்த இறக்கத்துக்குத் 'தொய்வு' என்று எழுதியிருந்தார்கள். தொய்வு செயினுக்கு வேண்டும், விட்டுவிடுவோம். பட்டறையில் 'வண்டி உக்காந்துடுச்சு' என்கிறார்கள், ஆகவே 'அமர்வு'. கருத்தரங்கு வாடை அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன், சைலன்சருக்குப் பக்கத்தில் அதை யாரும் கருத்தரங்கு என்று படிக்க மாட்டார்கள்.

ஷாக் அமுங்கும் கம்ப்ரெஷனுக்கு 'அமுக்கம்' வைத்தால் இலங்கை நண்பர்கள் குழம்புவார்கள், அவர்களுக்கு வளியமுக்கம் என்பதே நம் காற்றழுத்தம். வினையாகவே வைத்துக்கொள்ளலாமே: அமுங்குகையில் தணிப்பு, மீள்கையில் தணிப்பு. நீளம்தான், ஆனால் படித்ததும் புரியும்.

சரி, முழுப் பொருளுக்கு? எண்ணெய்க் குழல் 'தணிப்பி', அதன்மேல் வில் சேர்ந்தது 'வில்தணிப்பி'. உள்ளே இருப்பது இரண்டு சாமான் என்று பெயரே சொல்லிவிடும். இலக்கணப்படி புணர்த்தினால் 'விற்றணிப்பி', யாரோ விற்ற தணிப்பி ஆகிவிடும். அஃறிணையைப் பின்பற்றி 'விஃறணிப்பி' என்று யாராவது கிளம்பினால் நான் ஷாக் அப்சார்பருக்கே திரும்பிவிடுவேன். புணர்த்தாமலே எழுதுவோம்.

பாடநூலில் மெல்ல அடங்கும் ஆட்டத்துக்குத் 'தடையுறு அலைவு' என்று இருப்பதால் 'தடைப்பி' என்று யாரும் முன்மொழிவதற்குள் இதை அனுப்பிவிடுகிறேன். வில்லின் கெட்டித்தன்மைக்கு மட்டும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. 'சுருள்வில் மாறிலி' சரியான சொல்தான், கடையில் போய் "மாறிலி குறைவா ஒரு ஜோடி குடுங்க" என்று கேட்க வாய் வரவில்லை.