மதுரை வரலாற்றுக்கு எது சாட்சி: சித்திரைத் தேரா, கீழடி ஓடா?

மாசிவீதி:
வெளியூரில் படிக்கும் என் அண்ணன் மகள் இரண்டு நாள் விடுமுறைக்கு மதுரை வருகிறாள். கல்லூரியில் ஊர் வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். "கீழடி அருங்காட்சியகம் பார்த்தால் போதும்தானே அத்தை?" என்று கேட்டாள். போதாது, சித்திரையில் வந்து தேரோடு நட என்றேன். காரணம் சொல்கிறேன். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காகத் தெருக்கள். எந்த மாத விழா எந்தத் தெருவில் என்று பெயரே சொல்லிவிடும். ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில்! மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது, திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்குக் கொண்டுவந்து அழகர் விழாவோடு சேர்த்தார் என்பார்கள். விழா மாதம் மாறிவிட்டது, தெரு பழைய பெயரோடு அப்படியே நிற்கிறது. இப்படி ஒரு சாட்சியை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பீர்கள்?

பானையோடு:
நல்ல உதாரணம்தான் அக்கா, ஆனால் அது எனக்குத்தான் உதவுகிறது. 1623 முதல் 1659 வரை ஆண்ட ஒரு அரசர் இரண்டு விழாக்களை ஒன்றாக்கினார். இன்று தேர் பார்க்க வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தங்கை கல்யாணத்துக்கு அழகர் தாமதமாக வந்தார், கல்யாணம் முடிந்துவிட்டது, கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார் என்று கதை சொல்வார்கள். அரசர் எடுத்த முடிவு 400 ஆண்டுகளுக்குள் குடும்பச் சண்டையாகிவிட்டது. விழா தன் வரலாற்றைத் தானே அழித்துக்கொள்ளும்.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று கரிமப் பகுப்பாய்வில் வந்தது. அங்கே கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. அரசர் பெயர்கள் என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை, சட்டி பானை வைத்திருந்தவர்கள். ஆதனுக்காக யாரும் தேர் இழுக்கவில்லை. அந்த ஓடு இல்லையென்றால் அவன் இருந்ததே நமக்குத் தெரியாது.

கூடல்நகர்:
கீழடி சிவகங்கை மாவட்டம் என்பதையும் மருமகளிடம் சொல்லிவிடுங்கள் :)

பானையோடு:
சிவகங்கை மாவட்டம் பிறந்தது 1985-இல். ஆதனிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள் போல. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர், அதே வைகைக் கரை. அப்புறம் இன்னொன்று, அங்கே வழிபாட்டுப் பொருள் என்று தெளிவாக எதுவும் கிடைக்கவில்லை. விழாதான் மதுரை என்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

கூடல்நகர்:
சார், இங்கேதான் நீங்கள் சறுக்குகிறீர்கள். கீழடி மேடு 110 ஏக்கர், தோண்டியது அதில் ஒரு மூலை. "கிடைக்கவில்லை" என்பதை "இல்லை" என்று வாசிக்கலாமா? மதுரைக்காஞ்சி என்ற சங்கப் பாட்டில் ஓணநாள் கொண்டாட்டம் வருகிறது, நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடையும் இரவுக் கடையும் வருகின்றன. இன்று கேரளத்துக்குரியதாக நாம் நினைக்கும் ஓணம், சங்க கால மதுரைத் தெருவில் கொண்டாடப்பட்டிருக்கிறது. அது எந்தக் குழியிலும் கிடைக்காது.

செல்லூர்த்தம்பி:
எல்லாரும் சித்திரையிலேயே நிற்கிறீர்களே, ஆவணி மூலத்தைச் சொல்ல ஆளே இல்லையா? பிட்டுத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். வைகையில் வெள்ளம், கரை உடைகிறது, வீட்டுக்கு ஒரு ஆள் வந்து மண் போட வேண்டும் என்று அரசாணை. ஆள் இல்லாத வந்திக் கிழவி உதிர்ந்த பிட்டைக் கூலியாகத் தருகிறேன் என்கிறாள், சிவனே கூலியாளாக வருகிறார், வேலை செய்யாமல் பிரம்படியும் வாங்குகிறார். சாமியை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஆற்று வெள்ளம், கட்டாய வேலை, ஆண்துணை இல்லாத கிழவி படும் பாடு, மேஸ்திரியின் பிரம்பு, எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் ஆச்சி வெள்ளம் பற்றிப் பேசினால் இந்தக் கதையில்தான் ஆரம்பிப்பார். இப்போது அழகர் இறங்க வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள், அது வேறு விஷயம்.

பானையோடு:
தம்பி சொன்னது பிடித்திருக்கிறது. பிட்டு விழாவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விழா சொல்லாமல் விடுவதைப் பாருங்கள். 1939 ஜூலை 8-ஆம் தேதி காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் தலித் மக்களையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் திருக்கல்யாணம் நடந்தபோது உள்ளே வர முடியாதவர்கள் எத்தனை பேர்? பட்டாபிஷேகம், திக்குவிஜயம், தேரோட்டம் என்று அத்தனை நாள் விழா, இதற்கு எந்த நாள்?

மாசிவீதி:
இது வலிக்கும் கேள்விதான், மறுக்க மாட்டேன். ஆனால் அதே ஆண்டுகளில் அழகர் மலையிலிருந்து இறங்கி வழியெங்கும் மண்டகப்படி என்னும் தங்கல் மண்டபங்களில் தங்கித் தங்கி வந்தார். கள்ளர் வேடத்தில் கையில் வளரி என்னும் எறிதடியோடு வருகிற சாமி, சார். உள்ளே விடாதவர்களைத் தேடித் தெருவுக்கு வந்தது அவர்தான். தோப்பறை என்னும் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரி எடுத்து ஆடுகிறவர்கள் எல்லாம் யார்? பெரும்பாலும் சுற்றுக் கிராமத்து உழவர்கள். கோயில் கதவு சாத்தியிருந்ததும் சாமி தெருவுக்கு வந்ததும் ஒரே ஊரில்தான் நடந்தன.

கூடல்நகர்:
இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்று வைக்கிறேன். 1921 செப்டம்பர் 22, காந்தி மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது மேல மாசி வீதி வீட்டில். தேர் ஓடும் அதே மாசி வீதி. அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இன்று தமுக்கம் பக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் உள்ள காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1959-இல் தொடங்கியது. அந்தத் துணிக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளே சத்தம் போடாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தேரும் மேளமும் தேவைப்படவில்லை.

செல்லூர்த்தம்பி:
அண்ணே, நடுவில் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பானையோடு சார் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள்.

மாசிவீதி:
சாயட்டும். பானையோடு சாருக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். விழா தன் வரலாற்றை அழிக்கும் என்றீர்களே. அழகர் முன்பு தேனூரில் ஆற்றில் இறங்கினார். விழாவை மதுரைக்கு மாற்றியபோது அந்த ஊர்க்காரர்களுக்கு இழப்பு. அதனால் வண்டியூர்ப் பக்கம் ஆற்றுக்குள் இருக்கும் மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு அழகர் மோட்சம் கொடுப்பது அங்கேதான். யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை விழா மறைக்கவில்லை, ஆண்டுதோறும் அங்கே போய் நிற்கிறது.

பானையோடு:
நானும் அங்கே போய் நின்றிருக்கிறேன் அக்கா. கூட்டத்தில் பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பேன். மண்டூக முனிவர் கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தேனூர் ஏன் என்று சொன்னவர் ஒரே ஒருவர், அவரும் தேனூர்க்காரர். உங்கள் அண்ணன் மகளை அவரிடம் அனுப்புங்கள். முதல் நாள் மட்டும் கீழடி.