பகலில் ஜன்னலைச் சாத்தணுமா, திறக்கணுமா?

காட்பாடி மணி:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. "கோடையில் எல்லா ஜன்னலையும் நாள் முழுக்கத் திறந்து வையுங்கள், ஏசியே வேண்டாம், கரன்ட் பில் பாதியாகிவிடும்" என்கிறார் ஒருவர். பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வேலூர் வெயிலில் மேல்மாடியில் குடியிருக்கிறேன். மே மாதம் பகல் பன்னிரண்டுக்கு ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவது அனல். எங்கள் பாட்டி காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஜன்னலைச் சாத்திவிடுவார். பொழுது சாய்ந்த பிறகுதான் திறப்பார். பகலில் ஜன்னலைச் சாத்த வேண்டும். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

பெசன்ட் நகர் உமா:
விவாதத்துக்கு இடமில்லை என்றால் எதற்கு ஐயா பதிவு? சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பும். கிழக்கு ஜன்னல் பக்கம் மாட்டியிருக்கும் நாள்காட்டி படபடவென்று அடிக்க ஆரம்பித்தால் காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்தினால் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும். பகலில் திறக்கத்தான் வேண்டும்.

காட்பாடி மணி:
கடற்கரையில் வீடு இருப்பவர்கள் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லக் கூடாது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி. அன்றைக்கு உங்கள் கடல்காற்று எங்கே போயிருந்தது? சாத்த வேண்டும்.

பெசன்ட் நகர் உமா:
மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று பலமாக இருந்தால் கடல்காற்று தாமதமாகும், சில நாள் வராமலும் போகும். அதற்காகக் காற்று வருகிற நாளிலும் இருட்டறையில் உட்காரச் சொல்கிறீர்களா? போன கோடையில் மண்பானையா ஃபிரிட்ஜா என்ற சண்டையிலும் இதே பிடிவாதம்தான் பிடித்தீர்கள்.

காட்பாடி மணி:
மண்பானை விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அந்த இழையைப் போய்ப் படித்துப் பாருங்கள்.

மின்கணக்கு செல்வம்:
ஜன்னலை விடுங்கள், கணக்குக்கு வாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். கரன்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் அளவு போதும். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் ரெண்டு மாத பில்லில் ஃபேனுக்கு 54 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101ஆவது யூனிட்டிலிருந்தே ரேட் ஏறிவிடும். ஏசியை 18ல் வைக்காமல் 26ல் வைத்து ஃபேனையும் சுற்றவிட்டால் அந்த எல்லைக்குள் நிற்கலாம்.

வாடகை வீட்டுக்காரன்:
அந்த எல்லையெல்லாம் சொந்த வீட்டுக்காரர்களுக்கு. எங்கள் ஓனர் சப் மீட்டர் வைத்து, ஒரே ரேட் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். இலவச 100 யூனிட்டும் அவர் கணக்கில்தான்.

மின்கணக்கு செல்வம்:
கேட்டு வாங்க வேண்டியதுதானே?

வாடகை வீட்டுக்காரன்:
கேட்டால் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். நீங்கள் வந்து கேளுங்களேன்.

காட்பாடி மணி:
ஓனர் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். செல்வம், ஏசி போடும்போது ஜன்னலைத் திறப்பீர்களா, மூடுவீர்களா? மூடுவீர்கள்! நான் சொன்னதும் அதுதான்.

பெசன்ட் நகர் உமா:
ஏசி இல்லாமல் இருப்பதைப் பற்றித்தானே பேச்சே! நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

மதுரை கூலர்:
நான் ஏர் கூலர் வைத்திருக்கிறேன். கூலர் ஓடும்போது எதிர் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அரை மணியில் அறை புழுங்கும், தலையணை உறைகூடப் பிசுபிசுக்கும். மதுரை வறண்ட வெயிலுக்குக் கூலர் போதும். கடலோர ஊரில் காற்றே ஈரமாக இருக்கும், தண்ணீர் ஆவியானால்தானே குளிர்ச்சி? அங்கே வாங்குவது வீண்.

பெசன்ட் நகர் உமா:
பார்த்தீர்களா? மதுரையிலும் திறக்கிறார்கள்.

காட்பாடி மணி:
கூலர் வேறு, ஜன்னல் வேறு! கூலர் இல்லாத வீட்டில் பகலில் சாத்த வேண்டும். எத்தனை தடவை எழுதுவது?

தட்டோடு தாத்தா:
மேல்மாடியில் இருந்துகொண்டு ஜன்னலுக்கு அடித்துக்கொள்கிறீர்கள். சூடு தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்கும் சூட்டைக் கக்கும். கட்டிலில் படுத்து மேலே கையை நீட்டினாலே தெரியும். அந்தக் காலத்தில் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, அதன் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதிப்போம். இப்போது வெறும் தளத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கோடைக்கு முன்னால் மாடியைக் கூட்டிக் கழுவிவிட்டு ரெண்டு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். செலவும் கம்மி, கரன்டும் வேண்டாம்.

வாடகை வீட்டுக்காரன்:
மாடிச் சாவியும் ஓனரிடம்தான் ஐயா.

காட்பாடி மணி:
தாத்தா, மரியாதையோடு சொல்கிறேன், கூரையைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

தட்டோடு தாத்தா:
கேட்காததால்தானே தம்பி வெந்துகொண்டிருக்கிறாய்.

பெசன்ட் நகர் உமா:
தாத்தாவுக்கு ஒரு கும்பிடு. மணி சார், சாத்திய அறைக்குள் ராத்திரி ஒன்பது மணிக்கு எவ்வளவு சூடு என்று ஒரு தெர்மாமீட்டர் படம் போடுங்கள், பார்ப்போம்.

காட்பாடி மணி:
ராத்திரிக் கதை எதற்கு? நான் பேசுவது பகல். நாளை மதியம் ஒரு அறையைச் சாத்தி, ஒன்றைத் திறந்து வைத்து, ரெண்டுக்கும் படம் போடுகிறேன். அதுவரைக்கும் சாத்த வேண்டும் என்பதுதான் என் பதில்.

மின்கணக்கு செல்வம்:
ரெண்டு அறையிலும் ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள். அப்புறம், எந்தத் திசை ஜன்னல் என்றும் எழுதுங்கள்.

காட்பாடி மணி:
திசையெல்லாம் தேவையில்லை. ஜன்னல் ஜன்னல்தான்.