ப்ளீடு: தமிழில் என்ன சொல்லலாம்?

கையேட்டு ஆசிரியர்:
அன்பு நண்பர்களே, வரைகலை வடிவமைப்பு இறுதியாண்டு மாணவர்களுக்கான அச்சுக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சேற வேண்டும். 'ப்ளீடு' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். ஏ4 பக்கம் 210-க்கு 297 மி.மீ. ஓரம்வரை நிறம் வேண்டுமானால் நாற்புறமும் 3 மி.மீ. கூட்டி 216-க்கு 303 ஆகக் கோப்பை அமைக்கிறோம். அச்சிட்டபின் வெட்டி நீக்கும் அந்த 3 மி.மீ.க்குத்தான் பெயர் வேண்டும். சென்ற வாரம் ஒரு மாணவி, நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப்போக வேண்டிய படைப்புத் தொகுப்பை அச்சிட்டு வந்தாள். கருநீல அட்டையின் வலது ஓரத்தில் நூலளவு வெள்ளைக் கோடு! ப்ளீடு விடவில்லை, வெட்டும்போது தாள் இம்மி நகர்ந்திருக்கிறது. 'கசிவு' வேண்டாம், மை கசிவதாகவே மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

அச்சகத்தார்:
ஐயா, நாங்கள் 'ப்ளீடு விட்டிருக்கிறதா?' என்றுதான் கேட்போம். தையற்காரர் தையலுக்குத் துணி விடுவதும் இதே விடுதல்தான். வினை ஏற்கெனவே தமிழாக இருக்கிறது. 'விடுவிளிம்பு' என்று வையுங்கள்.

இலக்கண ஆசிரியை:
விடுவிளிம்பு வினைத்தொகை. 'விட்ட விளிம்பு' என்று விரித்தால் வெறுமையாக விட்ட இடம் என்றாகிவிடும். பொருள் நேர் எதிர். நான் சொல்வது 'நிற அளபெடை'. எழுத்து தன் மாத்திரையைக் கடந்து நீள்வது போல நிறம் தன் எல்லையைக் கடந்து நீள்கிறது. 'கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்' என்ற குறளில் அந்த நீட்சி இல்லாவிட்டாலும் தளை தட்டாது. ஆனாலும் வள்ளுவர் நீட்டினார். இப்படி ஒரு சொல் நம்மிடம் இருக்க, புதிதாக ஏன் தேட வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர்:
அம்மா, அளபெடுத்த ஓசை செய்யுளில் நிலைத்து நிற்கும். 'ஓஒதல் வேண்டும்' என்பதில் அதை எடுத்தால் யாப்பே குலையும். இதுவோ வெட்டுப்படுவதற்கென்றே நீட்டுவது. வெட்டுக்காக மிகுத்து வைப்பதால் 'வெட்டுமிகை'.

அச்சகத்தார்:
வெட்டுமிகை என்றால் கத்தியில் நிற்பவருக்குப் புரியும். கோப்பு வாங்கும் பையனுக்குப் புரியாது. வேலைக்குப் போகிற பிள்ளைகள், ஐயா. ப்ளீடு என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

கையேட்டு ஆசிரியர்:
நாள் இல்லை. முதல் முறை 'ப்ளீடு எனும் வெட்டுமிகை' என்றும், பிறகு வெட்டுமிகை என்றும் எழுதிவிடுகிறேன். பெரும்பாலோர் இதற்கு ஒப்புகிறீர்கள் என்று கொள்கிறேன்.

இலக்கண ஆசிரியை:
நான் ஒப்பவில்லை. 'பிறப்பறுக்கல் உற்றார்க்கு உடம்பும் மிகை' என்கிறார் வள்ளுவர். மிகை என்றால் வேண்டாதது என்றும் பொருள். மிகைதானே என்று மாணவர் நீக்கிவிட்டால், அதே வெள்ளைக் கோடு மறுபடியும் அட்டையில் வந்து நிற்கும்.