ஆறு வேலை, ஒரே பட்ஜெட்: மேட்ரிக்ஸ் போட்டும் எல்லாம் 3.5 தான் வருகிறது

வேளச்சேரிவாசி:
அக்டோபர் மழைக்கு முன் எதை முதலில் செய்வது என்று எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கத்தில் பேச்சு. ஸ்டில்ட்டில் (தூண்களுக்கு நடுவே உள்ள தரைத்தள பார்க்கிங்கில்) இருக்கும் மீட்டர் போர்டை உயர்த்துவது, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ரீசார்ஜ் கிணறு, மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங், சோலார் உட்பட ஆறு யோசனைகள். எட்டு அளவுகோல் வைத்து, ஒவ்வொரு யோசனைக்கும் 1 முதல் 5 வரை மார்க் போடும் அட்டவணை (மேட்ரிக்ஸ்) ஒன்றை எக்செல்லில் போட்டோம். எல்லாம் 3.4க்கும் 3.8க்கும் நடுவில் நிற்கிறது. இதை வைத்து எப்படி முடிவெடுப்பது?

தரவட்டம்:
1–5 என்றால் யாரையும் நோகடிக்காமல் 3, 4 போட்டுவிடுவார்கள். 1, 3, 9 மட்டும் வையுங்கள், இடைவெளி தானாகத் தெரியும்.

எட்டு அளவுகோல் அதிகம். "லாரித் தண்ணீர்ச் செலவு குறையும்", "போர்வெல் வற்றாது", "நிலத்தடி நீர் ஏறும்" என்று வைத்திருந்தால் மூன்றும் ஒரே விஷயம். கிணற்றுக்கு மூன்று தடவை மார்க் விழும். வெள்ளப் பாதுகாப்பு, தண்ணீர், செலவு, முடிக்கும் காலம், இந்த நான்கு போதும். செலவு குறைவாக இருந்தால்தான் 9. இந்தத் திசை மாறினால் மொத்தமும் தப்பாகும்.

எந்த அளவுகோலுக்கு எவ்வளவு எடை என்று முடிவுசெய்ய, இரண்டிரண்டாக எடுத்து எது முக்கியம் என்று கேளுங்கள். நான்குக்கு 6 ஜோடி. வெற்றிகள் 3, 2, 1, 0 என்று வந்தால் ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்கள், இல்லாவிட்டால் கடைசி அளவுகோலே காணாமல் போகும். 4, 3, 2, 1 என்று வரும். மொத்தம் 100 ஆக மாற்றினால் எடை 40, 30, 20, 10.

மார்க்கை எடையால் பெருக்கிக் கூட்டி 100ஆல் வகுங்கள். அதே வரிசையில் மீட்டர் போர்டு 9, 1, 9, 3 என்றால் 6.0. கிணறு 3, 9, 3, 3 என்றால் 4.8. சோலார் 1, 1, 1, 3 என்றால் 1.2.

ஒவ்வொரு அளவுகோலாக எடுத்து ஆறு யோசனைக்கும் மார்க் போடுங்கள். யோசனை வாரியாகப் போட்டால் பிடித்ததற்கு எல்லாக் கட்டத்திலும் 9 விழும்.

எண்ணும்எழுத்தும்:
மேலே உள்ள கணக்கையே சோதித்துப் பாருங்கள். வெள்ளத்துக்கு 30, தண்ணீருக்கு 40 என்று மாற்றினால் மீட்டர் போர்டு 5.2, கிணறு 5.4. வரிசை புரண்டுவிட்டது. சோலார் அப்போதும் 1.2 தான். ஆக, சோலாரை இப்போதைக்கு விட்டுவிடலாம். கூட்டத்தில் பேச வேண்டியது வெள்ளமா தண்ணீரா, எதற்கு அதிக எடை என்பதைப் பற்றி மட்டும்.

மார்க்கை அவரவர் தனித்தாளில் எழுதிய பிறகு பேசுங்கள். ஒருவர் 1, ஒருவர் 9 போட்ட கட்டத்துக்குச் சராசரி எடுக்காதீர்கள். அங்கே யாருக்கோ ஒரு தகவல் தெரியவில்லை.

மாடித்தோட்டம்:
மீட்டர் போர்டு இந்தப் பட்டியலிலேயே இருக்கக் கூடாது. தண்ணீர் ஏறினால் உயிராபத்து. அது மார்க்குக்கு அப்பாற்பட்ட கட்டாய வேலை. மின்வாரியம் வழியாகத்தான் மாற்ற முடியும் என்பதால் விண்ணப்பத்தை இப்போதே கொடுங்கள். மீதி ஐந்துக்கு மேட்ரிக்ஸ் போடுங்கள்.

வாட்டர்ப்ரூஃபிங்கில் கூலிங் டைல்ஸா, கெமிக்கல் கோட்டிங்கா என்று வந்தால் ஸ்டூவர்ட் பியூ என்ற வடிவமைப்புப் பொறியாளரின் முறை எளிது. இப்போதுள்ள தரையை அடிப்படையாக வைத்து, அதைவிட மேல் என்றால் +, கீழ் என்றால் −, அதேதான் என்றால் 0. கூட்டுத்தொகையைவிட − விழுந்த கட்டங்களைப் பாருங்கள். கான்ட்ராக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன.