மெஷ் நோடுகளின் ஒப்பந்தம் மழையில் உடைகிறது, என்ன செய்யலாம்?

கட்டபெட்டு_மெஷ்:
கட்டபெட்டிலிருந்து கோத்தகிரி வரை தேயிலைத் தோட்ட வீடுகளின் கூரைகளில் மெஷ் ரவுட்டர் (பக்கத்து ரவுட்டர்கள் வழியாகவே தகவலைக் கைமாற்றி அனுப்புவது) வைத்திருக்கிறோம். மழைமானி அளவும் கொழுந்து எடைக் கணக்கும் அதில்தான் போகின்றன. ஒவ்வொரு ரவுட்டரும் அந்தந்த வீட்டுக்காரருடையது. யாரும் யாருக்கும் உத்தரவு போடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதனால் ஒவ்வொரு நோடிலும், அதாவது ஒவ்வொரு ரவுட்டரிலும், தானே முடிவெடுக்கும் சிறு புரோகிராம் (ஏஜென்ட்) ஒன்று ஓடுகிறது. 1980-ல் ரீட் ஸ்மித் எழுதிய காண்ட்ராக்ட் நெட் முறைதான்: வேலை இருக்கும் நோடு அறிவிக்கும், அதைச் செய்ய முடிந்த நோடுகள் ஏலம் கேட்கும், அறிவித்த நோடு அவற்றில் ஒன்றுக்கு வேலையைக் கொடுக்கும்.

வெயில் காலத்தில் அருமையாக ஓடுகிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சோலார் பேனலுக்கு வெளிச்சமே இல்லை, பேட்டரி இறங்கிவிடுகிறது. 2 எம்பிபிஎஸ் கடத்துகிறேன் என்று ஒப்புக்கொண்ட நோடு அதில் பாதிகூடத் தருவதில்லை. பக்கத்து நோடோ பழைய ஒப்பந்தத்தை நம்பி அதற்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. மண்சரிவு பயம் உள்ள ராத்திரிகளில்தான் மழை அளவு வந்து சேர்வதில்லை. இதுதான் மனதை அறுக்கிறது.

மேட்டுப்பாளையம்_நெட்:
எல்லா நோடுக்கும் உத்தரவு போட நடுவில் ஒரு கன்ட்ரோலர் வைத்தால் வேலை முடிந்தது.

கூடலூர்_பாக்கெட்:
அந்தக் கன்ட்ரோலருக்குப் போகிற லிங்க்கே மழையில் விழுந்தால்? இன்டர்நெட்டே நடுவர் இல்லாமல்தான் ஓடுகிறது. நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி முறையில் ஹோல்டு டைம் (காத்திருக்கும் நேரம்) பரிந்துரை 90 விநாடி. அதுவரை சத்தமே வராவிட்டால் உறவு முறிந்ததாக எடுத்துக்கொள்ளும்.

தம்பி, உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கணினி ஆய்வாளர் மார்க் பர்ஜெஸ் 2005-ல் எழுதிய கட்டுரையின் அடிப்படை இது: ஒரு ஏஜென்ட் தன் நடத்தைக்கு மட்டுமே வாக்குக் கொடுக்க முடியும். தருகிறேன் என்பது ஒரு வாக்கு, வாங்கிக்கொள்கிறேன் என்பது தனி வாக்கு. இரண்டும் ஒத்துப்போகிற அளவுக்குத்தான் சேவை. கொடுத்த வாக்கு நடந்ததா என்பதை வாங்குகிறவரே அளந்து பார்க்க வேண்டும். உங்கள் நோடுகள் கையெழுத்துப் போட்டதோடு அளப்பதை விட்டுவிடுகின்றன.

வாக்குக்கு ஆயுள் வையுங்கள். கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரியைக் குத்தகைக்குத் தரும் டிஎச்சிபியில், குத்தகைக் காலம் பாதி ஆனதுமே கருவி புதுப்பிக்கக் கேட்கும், அதே முறைதான். அப்புறம், மழைமானி அளவு சில நூறு பைட்தான். அதைக் கொழுந்துக் கணக்கோடு ஒரே வாக்கில் கட்டாதீர்கள். பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் மற்றதையெல்லாம் விலக்கிக்கொள்ளட்டும். மழை அளவுக்கான வாக்கு மட்டும் நிற்கட்டும்.

கட்டபெட்டு_மெஷ்:
ரொம்ப நன்றி அண்ணா. இரண்டு வாக்காகப் பிரிப்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம். சுமை குறைந்ததும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும். உடனே மறுபடி வாக்குக் கொடுத்துவிடாதா?

கூடலூர்_பாக்கெட்:
கொடுக்கும், நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதனால் இரண்டு எல்லை வையுங்கள். 12-ல் விலகட்டும், 12.6 வந்து கொஞ்ச நேரம் நிலைத்தபிறகு திரும்பி வரட்டும். விலகும்போது சும்மா நின்றுவிடாமல் பக்கத்து நோடுகளுக்கு முன்கூட்டியே சொல்லட்டும். அவை புது ஏலம் போட நேரம் வேண்டும் இல்லையா?