மறு: பல்லியின் வாலுக்கு ‘வாலிழப்பு’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

துணைப்பாட மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டியிருப்பதால், ஓர் உயிரி தன் உறுப்பைத் தானே முறித்துவிடும் ‘ஆட்டோடமி’க்கு (autotomy) ‘வாலிழப்பு’ என்றே வைத்துவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இழப்பு நேர்வது, பல்லியோ செய்கிறது. பல பல்லிகளின் வால் முள்ளெலும்புகளில், எலும்புக்கு நடுவிலேயே, முறிவதற்கான தளம் முன்னதாக அமைந்திருக்கிறது. பிடிபட்டதும் அந்த இடத்தில் தசைகளைச் சுருக்கி, பல்லியே வாலை முறித்துக்கொள்கிறது. தமனியைச் சுற்றிய சுருக்குத்தசை இறுகிக் குருதிப்போக்கைக் குறைக்கிறது. அறுந்த துண்டு சில நிமிடம் துடித்து எதிரியின் கவனத்தைத் தன்மேல் ஈர்க்க, பல்லி தப்பிவிடுகிறது.

இது அனிச்சைச் செயல்தானே, செய்வினையாகச் சொல்லலாமா என்று கேட்டிருந்தார் ஒருவர். கண்ணை இமைப்பதும் அனிச்சைதான். ஆயினும் ‘இமைத்தான்’ என்றே சொல்கிறோம்.

குறள் 969இல் ‘மயிர்நீப்பின்’ என வருவதைக் காட்டி ‘வால்நீப்பு’ என்ற பரிந்துரையும் வந்தது. மயிர் நீத்தால் வாழாத கவரிமாவுக்கு வந்த வினை, வாழ்வதற்காகவே வாலை விடும் உயிருக்கும் பொருந்துவது அழகுதான். ஆனால் இன்றைய மாணவருக்கு நீத்தார் என்றால் இறந்தவர். இன்னொரு வழியாக, ‘தன்’னோடு ‘துண்டிப்பு’ புணர்ந்தால் ‘தற்றுண்டிப்பு’ ஆகும். இலக்கணம் சரி, வகுப்பில் எவரும் வாசிக்க மாட்டார்.

‘உதிர்ப்பு’ எளியது, ‘உதிர்வு’ போலன்றிப் பிறவினையும்கூட. இருந்தும் உதிர்ந்த இலைக்குப் பதிலாக அதே போன்ற இலை தளிர்க்கிறது; வாலுக்கு அப்படியில்லை. மீண்டும் வளர்வதில் முள்ளெலும்புகள் இல்லை, குருத்தெலும்புத் தண்டே உண்டு. அங்கே முறிதளமும் கிடையாது; அடுத்த முறை உடலுக்கு இன்னும் நெருக்கமாகத்தான் முறிக்க முடியும். வாலில் சேமித்த கொழுப்பும் போய்விடுகிறது. இத்தனை விலையுள்ள செயலை உதிர்ப்பு என்பது மிக மென்மையாக்குகிறது.

‘வால்’ என்பதையும் விட்டுவிட வேண்டும். பெல்ஜிய உடலியலாளர் லெயோன் ஃப்ரெடெரிக் 1883இல் மூலச்சொல்லை ஆக்கியது நண்டு தன் காலைக் கழற்றிவிடுவதை ஆராய்ந்ததன் தொடர்ச்சியாகத்தான். பல்லிக்கும் நண்டுக்கும் பொதுவாக நான் முன்வைப்பது ‘தன்முறிப்பு’.

பெரும்பான்மை ‘வாலிழப்பு’க்கே என்றால், பாடத்தில் அதுவே இருக்கட்டும், கலைச்சொல் பட்டியலில் மட்டும் ‘தன்முறிப்பு’ என்பதையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன். ‘நீப்பு’ அணியினர் இன்னும் இசையவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.